ஏறின கியரிலேயே இறங்கு

(தீர்த்தமலையில் நடைபெற்ற பட்டிமன்றம். தலைப்பு: இன்றைய நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநரிடம் மேலோங்கி நிற்பது அவசரமே! தொழில் நேர்த்தியே! 'தொழில் நேர்த்தியே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். "லாரிக்காரன் சொன்ன நேரத்துக்கு என்றைக்காவது வந்து சேர்ந்திருக்கிறானா? நேரத்துக்கு வராதவன் வழியில மட்டும் ஏன்யா பறக்கிறான்?" என்று. நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குத் தட்டித்தானே ஆகவேண்டும்!

ஐயா வெளியூர்க்காரர். அதனால் எந்த ஊரில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறோம் என்று யோசிக்கவில்லை. இது தீர்த்தமலை ஐயா. இந்த ஊர்த் தலபுராணம் என்ன சொல்கிறது? ராமபிரான் சிவபூசை செய்யவேண்டும். காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவா என்று ஆஞ்சநேயரை அனுப்பினார். பூசை நேரம் வந்துவிட்டது, ஆஞ்சநேயர் வரவில்லை. ராமர் பார்த்தார். அம்பை எடுத்துப் பாறையில் விட்டார். தண்ணீர் கொட்டியது. மேலே இருக்கிற ராமர் தீர்த்தம் அதுதான். பூசை முடிந்தபிறகு மூச்சு வாங்க வந்து நிற்கிறார் ஆஞ்சநேயர். "வேண்டாம்ப்பா, உள்ளூரிலேயே கிடைத்துவிட்டது!" என்றால் எப்படி இருக்கும்? கொண்டுவந்த தீர்த்தத்தைத் தூக்கி வீசினார். அது போய் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கிற அனுமன்தீர்த்தம். (சிரிப்பு)

நான் சாமியைக் கேலி பண்ணவில்லை. கொண்டுபோன லோடை வாங்க மாட்டேன் என்று சொன்னால் கொண்டுவந்தவனுக்கு எப்படி இருக்கும் என்பதை, எனக்குத் தெரிந்து, முதலில் எழுதிவைத்த ஊர் இந்த ஊர். அவர் வாயு புத்திரர். வானத்தில் போகிறவர். அவருக்கு டோல்கேட் கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது, டயர் பஞ்சர் கிடையாது. அவரே லேட்! அப்படியிருக்க, பத்து டன்னை ஏற்றிக்கொண்டு மஞ்சவாடிக் கணவாயில் இறங்குகிற மனுஷன் அரைமணி தாமதமாக வந்தால், "எங்கேய்யா தூங்கிட்டியா?" என்று கேட்கிறோம். அவன் தூங்கியிருந்தால் சந்தோஷப்படுங்கள் என்று சொல்லத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் லாரி ஓட்டுநரின் மகள். இதை ஒலிபெருக்கியில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில், தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். டீச்சர், "என்ன வியாபாரம்மா?" என்று கேட்டார். "குச்சிக்கிழங்கு" என்றேன். பாதி உண்மை. கிழங்கு அப்பாவோடுதான் போகும். ஆனால் அது அப்பாவுடையது இல்லை, வண்டியும் அப்பாவுடையது இல்லை. அவருடையது என்று அந்த வண்டியில் இருந்தது ஒரு தலையணையும், ஒரு இரும்புக் கம்பியும்.

அந்தக் கம்பியைச் சொல்லவேண்டும். வண்டி எடுப்பதற்கு முன்னால் அப்பா ஒவ்வொரு டயராகப் போய் அந்தக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டுவார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரிதான். காற்று சரியாக இருந்தால் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். குறைந்திருந்தால் 'தொப்' என்று வரும். பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கும் டயரில், உள்ளே இருக்கிற டயர் காற்றுப் போனால் வெளியே தெரியாது. வெளி டயர் தாங்கிக்கொண்டு ஓடும். ஓடி ஓடிச் சூடாகி, அதுவும் வெடிக்கும். அதனால் உள் டயரையும் விடாமல் தட்டுவார். பிறகு கயிறு. தார்ப்பாயை இழுத்துக் கட்டிய கயிற்றில் ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். சுளுவாக விரல் நுழைந்தால் மறுபடி கட்டவேண்டும். கிளீனர் பையன் முணுமுணுப்பான். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரிப்போம், அப்பா வண்டிக்குப் பூசை பண்ணுகிறார் என்று. பூசையும் உண்டு, எலுமிச்சம்பழமும் உண்டு. ஆனால் அது கம்பிக்கு அப்புறம்தான்.

எதிரணியில் ஒரு பெரிய எண் சொன்னார்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. மறுக்கவே முடியாது. ஒவ்வொன்றும் ஒரு வீடு. ஆனால் அந்த எண்ணை அப்படியே தூக்கி லாரிக்காரன் தலையில் வைத்தது நியாயமா? அதே கணக்கை இன்னும் கொஞ்சம் கீழே படித்திருந்தால், இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் என்று இருக்கும். அவர்களில் எத்தனை பேர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டாமல் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டியிருந்தார்கள் என்று நான் கேட்க மாட்டேன். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிகிறார்கள். (சிரிப்பு)

சரி, தொப்பூருக்கு வருகிறேன். வராமல் விடமாட்டேன். ஏனென்றால் தர்மபுரி மாவட்டத்தில் நின்றுகொண்டு லாரியைப் பற்றிப் பேசுகிறவர் தொப்பூரைத் தாண்டாமல் போகமுடியாது. காஷ்மீரத்து ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை, நம் மாவட்டத்தை விட்டுச் சேலத்துக்குள் இறங்குகிற இடம். 2020 டிசம்பரில் சிமெண்டு ஏற்றி வந்த ஒரு லாரி, கட்டுப்பாடு இழந்து, முன்னால் நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல் ஏறியது. நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் அதே சரிவு, மறுபடியும் நான்கு பேர். எதிரணி அம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார்கள். நானும்தான் பார்த்தேன். என் அப்பாவும் பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றார்.

அப்புறம் நானே கேட்டேன், "ஏம்ப்பா, பிரேக் எப்படிப்பா பிடிக்காமப் போகும்?" என்று. "பிரேக்கு பிடிக்காமப் போகல பாப்பா. பிடிச்சுப் பிடிச்சுத்தான் போச்சு" என்றார்.

இதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்கவேண்டும், நாளைக்கு நீங்களும் காரில் அந்த வழியாகத்தான் போவீர்கள். அவ்வளவு பாரம் ஏற்றிய வண்டி, நீண்ட சரிவில் இறங்குகிறது. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் டிரம் அடுப்பு மாதிரி சூடாகும். சூடு ஏற ஏற உள்ளே இருக்கிற லைனிங் பிடிமானத்தை இழக்கும். கருகல் வாசனை வரும். விட்டுவிட்டு மிதித்தால் டேங்கில் இருக்கிற காற்றும் தீரும். அதனால் விஷயம் தெரிந்த ஓட்டுநர் பிரேக்கை நம்பி மலை இறங்க மாட்டார். இன்ஜினை நம்பி இறங்குவார். தாழ்ந்த கியரில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. பழைய ஓட்டுநர்கள் கிளீனர் பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது: மலையில் எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு. ஏறும்போது வண்டி தானாகக் கெஞ்சும், 'கியரைக் குறை, கியரைக் குறை' என்று. இறங்கும்போது கெஞ்சாது. 'விடு, விடு' என்று ஆசை காட்டும்.

அப்படியானால் ஏன் நியூட்ரலில் போட்டு இறங்குகிறார்கள்? எதிரணி சொல்கிறது, அவசரம், திமிர். நான் சொல்கிறேன், பல இடத்தில் டீசல். இந்த நடைக்கு இவ்வளவு லிட்டர் என்று கணக்கு. கூடப் போனால் படியில் கழியும். மிச்சம் பிடித்தால் பாராட்டு. அப்போது என்ன செய்வான்? சரிவைக் கண்டால் கியரை எடுத்துவிடுவான், டீசல் மிச்சம் என்று. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இப்போது வருகிற எலெக்ட்ரானிக் இன்ஜின்களில், கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கினால், இன்ஜினுக்கு டீசலே போகாது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் அணையாமல் இருப்பதற்காக இன்ஜின் டீசல் குடிக்கும். ஆக எதை மிச்சம் பிடிப்பதாக நினைத்து உயிரைப் பணயம் வைக்கிறானோ, அந்த மிச்சமும் அந்தச் சரிவில் கிடையாது. இதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொல்லிக்கொடுக்கவேண்டிய மூத்த ஓட்டுநர் பக்கத்தில் இல்லை.

இல்லை என்று ஏன் சொல்கிறேன்? முன்பு ஒரு வண்டியில் இரண்டு ஆள், மூன்று ஆள் போவார்கள். கிளீனராக ஏறுகிறவன் நாலைந்து வருஷம் டயர் கழற்றி, பாத்திரம் கழுவி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவான். அதுதான் அந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடம். நான் பள்ளிக்கூட ஆசிரியை, அதனால் எனக்கு இது உறுத்துகிறது. கட்டுப்படியாகவில்லை என்று இன்றைக்குப் பல வண்டியில் கிளீனரே இல்லை. ஓட்டுநர் தனி ஆள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பையன் படிக்கவில்லை என்று அடிப்பது எந்த ஊர் நியாயம்? (கைதட்டல்)

நடுவர் மணியைக் கையில் எடுக்கிறார். ஐயா, எதிரணிக்குக் கொடுத்த நேரத்தில் பாதிகூட எனக்கு ஆகவில்லை. ஓவர்டேக் பண்ணாதீர்கள். (சிரிப்பு)

இந்த மண்ணின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட தகடூர். அவருடைய மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது, 102-ஆவது பாட்டு. எல்லாப் புலவர்களும் மன்னனைச் சிங்கம் என்பார்கள், சூரியன் என்பார்கள். நம் ஔவைப்பாட்டி என்ன சொன்னார் தெரியுமா? நீ உப்பு வண்டிக்காரன் வண்டிக்கு அடியில் கட்டிவைத்திருக்கிற மாற்று அச்சு மாதிரி என்றார்! இன்றைக்கு ஒரு மந்திரியைப் பார்த்து, "ஐயா, நீங்கள் ஸ்டெப்னி மாதிரி" என்று சொல்லிப்பாருங்கள். (பலத்த சிரிப்பு)

ஆனால் அந்தப் பாட்டி ஏன் அப்படிச் சொன்னார்? உப்பு வணிகர்கள், உமணர்கள், அந்தக் காலத்து லாரிக்காரர்கள். மாடு இளசு, நுகத்துக்குப் பழகவில்லை. வண்டியில் பாரமோ அதிகம். வழியில் பள்ளத்தில் இறங்கவேண்டும், மேட்டில் ஏறவேண்டும். அங்கே என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கிளம்பும்போதே இன்னொரு அச்சைக் கீழே கட்டிக்கொண்டு போனார்கள். சேம அச்சு. மேட்டையும் பள்ளத்தையும் வீட்டு வாசலிலேயே நினைத்துப் பார்த்தவன் எவனோ, அவனுடைய அந்த முன்யோசனையைத்தான் ஒரு மன்னனுக்கு உவமையாக வைத்தார் ஔவை. என் அப்பாவுக்குப் புறநானூறு தெரியாது. டயரைத் தட்டிய அந்தக் கம்பிதான் தெரியும். நான் தமிழ் படித்து, வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தின அன்றைக்குத்தான் அந்தக் கம்பி எனக்குப் புரிந்தது. சாயங்காலம் போய்ச் சொன்னேன். "அப்பவே ஓவர்லோடா?" என்று கேட்டார். (சிரிப்பு)

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். 1994, தை மாதம். கிழங்கு வெட்டுகிற காலம். இங்கே பலருக்குத் தெரியும், குச்சிக்கிழங்கைப் பிடுங்கிவிட்டால் போட்டுவைக்க முடியாது. இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். மாவு குறையும், விலை குறையும். அதனால் பிடுங்கினவுடனே அரூர் வழியாக, மஞ்சவாடி இறங்கி, சேலத்துப் பக்கத்துச் சேகோ பேக்டரிக்குப் போயாகவேண்டும். அங்கே போனால் வரிசை. வரிசையில் நிற்கிற நேரம் ஓய்வு நேரம் இல்லை. வண்டி நகர நகர இவரும் நகர்த்தவேண்டும். அப்பா இரண்டு நடை போய்விட்டு, ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வந்தார். மூன்றாவது லோடு தயாராக இருக்கிறது. முதலாளி, இப்பவே எடு என்கிறார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், வண்டிக்குத் தவணை கட்டவேண்டியவர் அவர். அப்பா, "காலைல நாலு மணிக்கு எடுக்கிறேங்க, தூங்கி எழுந்திருச்சு" என்றார். "எடுக்கிறதுன்னா இப்ப எடு. இல்லைன்னா சாவியை வெச்சுட்டுப் போ." அப்பா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார்.

இங்கே கதையாக இருந்தால் என்ன நடக்கவேண்டும்? வேறு ஆள் எடுத்துப்போன வண்டி மஞ்சவாடியில் கவிழ்ந்திருக்கவேண்டும். முதலாளி ஓடிவந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை நடுவர் அவர்களே. வேறு ஒருவர் வண்டியை எடுத்தார், பத்திரமாகப் போனார், பத்திரமாகத் திரும்பி வந்தார். ஒரு கீறல்கூட இல்லை. ஊரே அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. "என்னமோ பெரிசா பயந்தியே, என்ன ஆச்சு?" அப்பா இரண்டு மாசம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. என் பரீட்சைக் கட்டணம் கடைசி நாளில்தான் கட்டினோம். எனக்கு அப்பாமேல் அப்படியொரு கோபம். ஒரு ராத்திரி கண் விழித்து ஓட்டினால் என்ன? மற்றவர் ஓட்டவில்லையா?

அந்தக் கோபம் ரொம்ப வருஷம் இருந்தது. எனக்குக் கல்யாணமாகி, என் மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்வர ஆரம்பித்த பிறகுதான், ஒருநாள் கேட்டேன். "அன்னிக்கு ஏம்ப்பா சாவியை வெச்சீங்க?" அப்பா சொன்னார்: "ரெண்டாவது நடையில மஞ்சவாடியில எனக்குக் கண்ணு ரெண்டு தடவை சொக்கிடுச்சு பாப்பா. வெளியில யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். எதிர்ல ஒரு பஸ்ஸு வந்துச்சு. உள்ள லைட்டு போட்டிருந்தாங்க. ஜன்னலோரமா ஒரு பொம்பளைப் புள்ளை தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டு இருந்துச்சு."

(அமைதி)

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் யார் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வந்தது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. இன்றைக்கும் எங்கேயோ நன்றாக இருப்பாள், இந்த நிகழ்ச்சியைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எதிரணி நண்பர்களே, நீங்கள் நடந்த விபத்துகளை அடுக்கினீர்கள், அதற்குக் கணக்கு இருக்கிறது, தேதி இருக்கிறது, படம் இருக்கிறது. நடக்காமல் போனதற்கு நான் எங்கே போய்ப் படம் காட்டுவேன்? நேற்று ராத்திரி தொப்பூரில் இரண்டாவது கியரில், பின்னால் ஹாரன் அடிக்கிற கார்க்காரர்களின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, எறும்பு மாதிரி ஊர்ந்து இறங்கினவர்கள் எத்தனை பேர்? எந்தப் பத்திரிகையில் வந்தது?

தூங்குகிற உரிமையைப் பற்றிச் சட்டம் என்ன சொன்னது? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-லேயே போட்டுவிட்டார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்தில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று இருந்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரைமணியாவது ஓய்வு என்றும் இருந்தது. நீண்ட தூரம் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள், அதற்கும் ஒரு எல்லை இருந்தது. என் அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "எந்த நாட்டுச் சட்டம் இது?" என்று கேட்டார். (சிரிப்பு) சிரிக்கிறோம். நடைக்குக் காசு, கிலோமீட்டருக்குக் காசு என்று இருக்கிற தொழிலில், தூங்குகிற நேரத்துக்குக் காசு கிடையாது. அப்புறம் சட்டம் எட்டு மணி என்றால் என்ன, ஆறு மணி என்றால் என்ன?

முன்பாவது வண்டி எங்கே நிற்கிறது என்று ஆபீஸில் தெரியாது. புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் கண் அசரலாம். இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டது. வண்டி நின்றால் அங்கே புள்ளி நிற்கும். உடனே போன். "ஏம்ப்பா, அரைமணியா புள்ளி நகரலையே?" புள்ளிக்குத் தூக்கம் வருமா ஐயா? போனை எடுக்காவிட்டால் கோபம், ஓட்டிக்கொண்டே எடுத்தால் விபத்து. செல்போனில் படம் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவரை, குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுகிறவரை, நான் என் அணியில் சேர்த்துக்கொள்ள மாட்டேன். அவர்களை எதிரணிக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுகிறேன். (கைதட்டல்) ஆனால் முதலாளி கூப்பிட்டு, பயந்துபோய்ப் போனை எடுக்கிறவரை எந்த அணியில் சேர்ப்பது? அதை நடுவர்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்று சொன்னார்கள். அடித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்று. அடிபட்டவரை நடுரோட்டில் விட்டு ஓடுகிறவரை நான் நியாயப்படுத்த வரவில்லை. அது பாவம், குற்றம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134-ஐ எடுத்துப் பாருங்கள். விபத்து நடந்தால் காயம்பட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்க ஓட்டுநர் ஏற்பாடு செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஒரு விலக்கும் தருகிறது: கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் தவிர. பாராளுமன்றமே உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறது, நம்முடைய ஆத்திரத்தை! யார்மேல் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. பெரிய வண்டிமேல்தான் தப்பு. மோதிக்கொண்டது சைக்கிளும் லாரியும் என்றால், சைக்கிள் குறுக்கே வந்ததா என்று விசாரிப்பதற்குள் லாரியின் கண்ணாடி போயிருக்கும், ஓட்டுநரின் பல்லும் போயிருக்கும். புதிய நியாயச் சட்டத்தில், தகவல் சொல்லாமல் தப்பி ஓடினால் பத்து வருஷம் வரைக்கும் சிறை என்று ஒரு உட்பிரிவு வைத்தார்கள். 2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் அப்படியே நின்றன. பெட்ரோல் பங்கில் மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். பேசிவிட்டுச் செய்கிறோம் என்று அரசு சொன்னது. அந்த வருஷம் ஜூலை 1-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உட்பிரிவை மட்டும் அமல்படுத்தாமல் வைத்தார்கள். தண்டனை கூடாது என்றா கேட்டார்கள் ஓட்டுநர்கள்? நின்றால் கூட்டம் அடிக்கும், போனால் சட்டம் அடிக்கும், நாங்கள் எங்கே நிற்பது என்று கேட்டார்கள். நானாக இருந்தால், பக்கத்து காவல் நிலையத்துக்கு ஓடுகிறவனையும் காட்டுக்குள் ஓடுகிறவனையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டேன்.

இவ்வளவு வசவும் வாங்கிக்கொண்டு அவர் நமக்கு என்ன செய்கிறார் பாருங்கள். நீங்கள் காரில் ஒரு லாரிக்குப் பின்னால் போகிறீர்கள். முன்னால் என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது, பத்தடி உயரத்துக்குத் தார்ப்பாய்தான் தெரியும். ஜன்னலிலிருந்து ஒரு கை வரும். 'இரு, இரு' என்று அமர்த்தும். அப்புறம் 'போ' என்று வீசும். நீங்கள் அந்தக் கையை நம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு வலது பக்கம் ஏறிப் போகிறீர்கள். முகம் தெரியாது, பேர் தெரியாது, ஊர் தெரியாது. சொந்த மச்சான் கையெழுத்துப் போட்டால்கூடச் சாட்சி கேட்கிற நாம், அந்தக் கையை நம்புகிறோம்! (பலத்த கைதட்டல்) தாண்டிப் போனபிறகு ஒரு ஹாரன்கூட அடித்து நன்றி சொல்வதில்லை. அது இருக்கட்டும், பொண்ணு கேட்டு வந்தால் மட்டும், "லாரி டிரைவரா? வேண்டாம்" என்கிறோம்.

வசதிக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டது. வரவேற்கிறேன். நல்ல விஷயம். குளிர்சாதன லாரியில் மீனுக்கு ஏசி வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, ஓட்டுகிறவருக்கு இப்போதுதான் வருகிறது. (சிரிப்பு) மீன் கெட்டால் நாறும், மனுஷன் களைத்தால் வாசனை வராது, அதுதான் காரணமோ என்னவோ. பழைய வண்டியில் இன்ஜின் சூடு காலுக்கு வரும், மே மாதத்து வெயில் தலைக்கு வரும், நடுவில் அவர் வேகிறார். அவரைப் பார்த்துப் பொறுமை இல்லை என்கிறோம்.

மணி அடித்துவிட்டார். இன்னும் ஒரே நிமிஷம் ஐயா.

என் அப்பா இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார். முன்வரிசையில் இடம் போட்டிருந்தேன், உட்காரவில்லை. பந்தலுக்குப் பின்னால் போய்விட்டார். எங்கே என்று தேடிப் போனால், இந்த மேடைக்கு விளக்கும் சாமானும் ஏற்றி வந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வண்டி ஓட்டி வந்த தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். நேற்று ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர். பகலெல்லாம் சாமான் இறக்கினவர்களோடு இவரும் இறக்கியிருக்கிறார். ஒளிப்பதிவு முடிந்ததும் சாமானை ஏற்றிக்கொண்டு, விடியறதுக்குள் அடுத்த ஊரில் நிற்கவேண்டுமாம். மஞ்சவாடி வழி. அப்பா அவரிடம் என்ன பேசினார் என்று தெரியாது. நான் மேடை ஏறும்போது அந்தத் தம்பி கேபினில் ஏறிப் படுத்தார். அப்பா கதவுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், யாரும் எழுப்பிவிடாமல்.

அதனால் நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் கொடுத்தாலும் சரி, அவர்கள் பக்கம் கொடுத்தாலும் சரி, தயவுசெய்து கொஞ்சம் நீட்டிப் பேசுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பேசினால் அவருக்கு ஒரு மணி நேரம் தூக்கம். கைதட்டுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தட்டுங்கள்.